எட்டாம் நம்பர் பாதம்

ஐரோப்பாக் கண்டம் நிமிர்ந்து நடப்பதற்குக் காரணம் ஒரே ஒரு தமிழனின் இடது பாதம்.

இதைச் சொன்னவர் அந்தப் பாதத்தின் சொந்தக்காரரான தணிகைவேல். சொன்ன நேரத்தில் அந்தப் பாதம் இரண்டு தலையணைகளின் மேல் வீங்கி, மஞ்சள் பூத்து, எலும்பு ஒட்டாமல் கிடந்தது. எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் மனைவி மேகலாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஐரோப்பா தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆம்பூரில் பைபாஸ் ஓரமாக இருக்கும் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் தணிகைவேலுக்குப் பிட் மாஸ்டர் என்று பெயர். அந்தக் கம்பெனியில் புது மாடல் எதுவானாலும் முதலில் எட்டாம் நம்பரில்தான் ஒரு ஜோடி செய்வார்கள். அதை எட்டாம் நம்பர் கால் ஒன்றில் மாட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கடிக்கிறதா, தளர்கிறதா, குதிகால் கழல்கிறதா என்று அந்தக் கால் சொல்ல வேண்டும். அது சரி என்று சொன்ன பிறகு மற்ற அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் போட்டுக்கொள்வார்கள். ஆக, கம்பெனிக்குத் தேவைப்பட்டது ஒரு கால். அதோடு ஒரு மனிதரும் சேர்ந்து வந்தது தவிர்க்க முடியாமல் போயிற்று.

கம்பெனி தொடங்கிய காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த டெக்னீஷியன் ஒருவர், வேலையாட்களை எல்லாம் வெறுங்காலோடு வரிசையில் நிறுத்தி, பசை தடவிக்கொண்டிருந்த தணிகைவேலின் காலைத் தேர்ந்தெடுத்தார். அப்போது தணிகைவேல் மெல்லிய இளைஞர். "வெள்ளைக்காரரு என் முன்னாடி மண்டி போட்டாருங்க" என்று இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். கால் அளவு எடுக்கிறவர் எவராக இருந்தாலும் மண்டி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

அன்றைக்குப் பிறகு அவர் பசை டப்பாவைத் தொடவில்லை. பிட் ரூம் என்று ஓர் அறை வந்தது. ஏசி வந்தது, சோபா வந்தது, ஆளுயரக் கண்ணாடி வந்தது. பாதத்தைப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலும் அந்தப் பாதத்துக்குத் தனிச் சட்டம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற குடும்பம் அது. எல்லோரும் வெறுங்காலோடு திருத்தணி மலையேறும்போது இவர் மட்டும் காரில் போய்க் கோயில் வாசலில் இறங்குவார். "முருகனுக்குத் தெரியும், இது கம்பெனி காலு" என்பார். முருகன் மறுத்துச் சொன்னதாகத் தகவல் இல்லை.

வருடங்கள் போயின. சட்டை அளவு மாறிற்று, பேண்ட் அளவு இரண்டு முறை மாறிற்று, மோதிரத்தை விரலிலிருந்து கழற்ற ஆசாரியிடம் போக வேண்டி வந்தது. நடுவில், ஷூக்களை மொத்தமாக வாங்கும் ஜெர்மனிக்காரப் பையரின் ஆள் ஒருவர் புத்தம் புதிய இரும்பு அளவுப் பலகை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தணிகைவேல் அதில் காலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"பலகை தேஞ்சி போயிருக்குது" என்றார்.

பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு வந்த பலகை எப்படித் தேயும் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. ஏசித் தண்ணீர் சொட்டும் பக்கெட்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்க அது பயன்பட்டது.

ஐரோப்பாவிலிருந்தோ, எட்டாம் நம்பர் ஷூ பெரிதாக இருக்கிறது, காலில் நிற்கவில்லை என்று ஒவ்வொரு சீசனிலும் புகார் வந்துகொண்டிருந்தது. அதற்கும் தணிகைவேலிடம் விளக்கம் இருந்தது.

"அவங்க எப்பப் பாரு காருலயே குந்திக்கினு இருக்கறாங்க. நடக்கறதே கம்மி. காலு சுருங்கிக்கினு வருது. வெள்ளைக்காரன் காலு சுருங்கறதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

கம்பெனி இதை நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது.

இப்பேர்ப்பட்ட பாதம் உடைந்தது போர்க்களத்தில் அல்ல. கம்பெனியில் பாதுகாப்பு வார விழா நடந்தது. கவனமாக அடியெடுத்து வைப்பது எப்படி என்று தணிகைவேல் மேடையில் வெகுநேரம் பேசினார். முடிந்ததும் சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுக்கிறவர், "சார், கொஞ்சம் பின்னால போங்க" என்றார். தணிகைவேல் பின்னால் போனார். மேடை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மேடையின் உயரம் ஒரு படி. சால்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இடது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு ஒடிந்திருந்தது. ஊர் டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று அனுப்பினார். ஊன்றாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. ஆனால் பிட் ரூமில் புது மாடல்கள் வரிசையில் நின்றன. வேறு யாராவது போட்டுப் பார்த்துவிடுவார்களோ என்ற கவலை தணிகைவேலைப் படுக்கவிடவில்லை. ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார். பேட்டர்ன் வெட்டும் அஸ்பாக்கைக் கூப்பிட்டு, தோல் வெட்டுகிற கத்தியால் மாவுக்கட்டைப் பிளக்கச் சொன்னார்.

"வேணாம் மாஸ்டர், டாக்டர் திட்டுவாரு" என்றார் அஸ்பாக். ஒல்லியான ஆள், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்.

"டாக்டருக்கு எலும்பு தெரியும். பிட்டு தெரியுமா?"

கட்டுப் பிளந்தது. உடைந்த காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, கண்ணாடி முன் நடந்து பார்த்து, "டோ கிட்ட கொஞ்சம் டைட்டு" என்று தீர்ப்புச் சொன்னார் தணிகைவேல். வீங்கிய காலுக்கு எது டைட்டாக இருக்காது என்று யோசிக்கிற இடம் அது அல்ல. மாலையில் பிளந்த மாவுக்கட்டை மறுபடி மாட்டி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப்பால் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார். மறுநாள் மறுபடியும் டிரையல். ஒரு நாள் கால் எந்த ஷூவுக்குள்ளும் நுழைய மறுத்தது. அப்போதுதான் படுத்தார். மாதங்கள் ஓடின. எலும்பு சேரவில்லை.

கடைசியில் மேகலா அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எதையும் ஒரு முறைதான் சொல்வாள்.

டாக்டர் தீபலட்சுமி கம்ப்யூட்டர் திரையில் எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஒடிஞ்சது ஒடிஞ்சபடியே இருக்கு, பாருங்க. இந்த இடத்துல ரத்த ஓட்டமே கம்மி. அதோட நீங்க நடந்தும் இருக்கீங்க."

"நடக்கல டாக்டர். டிரையல் பார்த்தேன்."

"டிரையல்னா?"

"ஷூ போட்டுக்கினு நடந்து பாக்கறது."

டாக்டர் மேகலாவைப் பார்த்தார். மேகலா சுவரைப் பார்த்தாள்.

"சரி. ஆபரேஷன் பண்ணி உள்ள ஒரு ஸ்க்ரூ வெச்சா நல்லா சேர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. தேவைப்பட்டா இடுப்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து அந்த இடத்துல வைப்போம். வேணாம்னா கட்டுப் போட்டு இன்னும் பொறுத்துப் பார்க்கலாம். ஆனா இவ்வளவு நாள் சேராதது இனிமே தானா சேர்றது கஷ்டம். நொண்டிக்கிட்டேதான் இருக்கணும். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

"அளவு மாறுமா?"

"எந்த அளவு?"

"பாதத்தோட அளவு. ஒரு மில்லிமீட்டர் கூட மாறாதுன்னு நீங்க எழுதிக் குடுக்க முடியுங்களா? இது எட்டாம் நம்பர் பாதம் டாக்டர்."

"எனக்கு இது இடது பாதம் சார்" என்றார் டாக்டர். "நடக்கணுமா வேணாமான்னு வீட்டுக்குப் போய் யோசிங்க."

தணிகைவேல் யோசித்தார். அவருக்குக் கத்தியைப் பற்றிப் பயம் இல்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னார். பயம் வேறு. ஆபரேஷனில் பாதம் கொஞ்சம் அகன்றுவிட்டால், தையல் தழும்பு புடைத்துக்கொண்டால், எட்டு எட்டரை ஆகிவிட்டால், பிட் ரூம் போய்விடும். ஏசியும் சோபாவும் கண்ணாடியும் போய்விடும். இத்தனை வருடம் கழித்து எந்த வேலைக்கு அவரை அனுப்புவார்கள்? அவருக்குத் தெரிந்த இன்னொரு வேலை பசை தடவுவது. ஆபரேஷன் வேண்டாம் என்றால் நொண்டிக்கொண்டு டிரையல் நடக்க முடியாது. அப்போதும் பிட் ரூம் போய்விடும். இதில் இடுப்பு எலும்பு வேறு. பாதத்தில் இடுப்பைக் கலந்தால் அது கலப்படம் ஆகாதா என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

"நடக்க முடியாத காலு எட்டா இருந்தா இன்னா, எண்பதா இருந்தா இன்னா?" என்றாள் மேகலா.

"உனக்குத் தெரியாது மேகலா. ஐரோப்பாவுக்கே இது ஸ்டாண்டர்டு."

"ஐரோப்பாவுக்கு ஸ்டாண்டர்டு. பாத்ரூமுக்கு நான் வரணும்."

கால் ஒடிந்தவரைப் பார்க்க வருகிறவர்களில் வைத்தியம் தெரியாதவர் எவரும் இருப்பதில்லை. முதலில் வந்தவர் மேகலாவின் தம்பி கோபிநாத். குடியாத்தத்தில் பவர்லூம் வைத்திருக்கிறார். தறி ஓடுகிற நேரம் போக மிச்ச நேரம் முழுக்கப் போன் பார்க்கிறவர். உட்கார்ந்ததும் போனை நீட்டினார்.

"இத பாருங்க மாமா. அமெரிக்காக்காரன். பந்து ஆடறவன். உங்களுக்கு ஒடிஞ்ச அதே எலும்புதான். ஸ்க்ரூ வெச்சிட்டு வந்து மறுபடியும் எப்படி ஓடறான் பாருங்க."

தணிகைவேல் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஓடறதுக்கு எந்தக் காலும் போதும் மாப்ள. அளக்கறதுக்கு?"

கோபிநாத் உடனே கட்சி மாறினார். "அப்போ ஆபரேஷன் வேணாம் மாமா. ஆந்திரா பார்டர்ல ஒரு எலும்புக் கட்டு வைத்தியர் இருக்காரு. எங்க ஊர்ல தறிக்கு நூல் பாவு போடறவர் ஒருத்தருக்கு கையி நாலா ஒடிஞ்சிருந்தது. கட்டுனாரு. இப்போ அந்தக் கையாலதான் என்னை அடிச்சாரு."

"இன்னாத்துக்கு அடிச்சாரு?" என்று கேட்டாள் மேகலா.

"அது வேற விஷயம்க்கா."

வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனார்கள். வைத்தியர் பாதத்தைக் கையில் எடுத்து, தேங்காய் முற்றலா என்று பார்ப்பதுபோலத் தட்டி, "ஏமி லேது" என்றார். ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். தணிகைவேல் கத்திய கத்தல் மூன்று மாமரங்களுக்கு அப்பால் கேட்டது. "இன்னா சார், சின்னப் புள்ள மாதிரி" என்றார் வைத்தியர். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பினார். அந்த வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் வாசலில் கூடின. எலும்பு கூடவில்லை.

பிறகு அஸ்பாக் வந்தார். பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கட்டிலில் உட்காரக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே பேசினார்.

"எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் மாஸ்டர், மூட்டுல இரும்பு வெச்சாங்க. ஹஜ்ஜுக்குப் போறப்போ ஏர்போர்ட்ல மெஷின் கத்துச்சாம். தனியா கூட்டிக்கினு போய் விசாரிச்சாங்களாம்."

தணிகைவேல் இதைப் பற்றி இரண்டு நாள் கவலைப்பட்டார். ஸ்க்ரூ வைத்துக்கொண்டு இத்தாலிக்கு எப்படிப் போவது?

"உங்க கிட்ட பாஸ்போர்ட்டே இல்லியே" என்றாள் மேகலா.

உண்மைதான். அவர் சரி என்று சொன்ன ஷூக்கள் மிலான் வரைக்கும் போயிருக்கின்றன. அவர் பெங்களூரு வரைக்கும் போயிருக்கிறார்.

இப்படி ஆபரேஷன் காலையில் வேண்டும் என்றும் மாலையில் வேண்டாம் என்றும் ஆகிக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மேனேஜர் லியாகத் அலி ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்து சேர்ந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். யாருக்கும் கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மனிதர். அதனால் அவர் வாயிலிருந்து வரும் கெட்ட செய்திகள் எல்லாம் நல்ல செய்தியின் உடுப்பில்தான் வரும்.

"நீ நிம்மதியா இரு தணிகை. அங்க ஒரு பேஜாரும் இல்ல. இந்த சீசன்ல எட்டு பெருசா இருக்குதுன்னு ஒரு கம்ப்ளைண்ட்டு கூட வரல. பையர் ஃபோன் பண்ணி தேங்க்ஸ் சொல்றான். எனக்கே ஆச்சரியம்."

தணிகைவேல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரு காலுல சார் டிரையல் பாத்தீங்க?"

"யாரு காலுல? நம்ம அஸ்பாக் கால்லதான். அவனும் எட்டுன்றான். போட்டுக்கினு நடந்தான், சரின்னான், அனுப்பிட்டோம்."

மேகலா காபி டம்ளரை லியாகத் அலி கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். தணிகைவேல் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு தெளிந்தார்.

"அப்படின்னா வெள்ளைக்காரன் காலு திரும்பப் பெருசாயிட்டு வருது சார். ஜிம்முக்குப் போறாங்க போல."

லியாகத் அலி காபியை ஊதினார். "இருக்கும் இருக்கும்" என்றார். எழுந்து போகிற சமயத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, ஆறுதலாக ஒன்று சொன்னார். "உன் ரூமைப் பத்திக் கவலப்படாத. ஏசி சும்மா ஓடிக்கினு இருக்குதேன்னு அஸ்பாக்கை அங்கயே குந்தச் சொல்லிட்டேன்."

டாக்டரின் எக்ஸ்ரே செய்யாததையும், மேகலாவின் வாய் செய்யாததையும் அந்த வாக்கியம் செய்தது. லியாகத் அலி படி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து தணிகைவேலின் குரல் வந்தது.

"சார், ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

லியாகத் அலி திரும்பி வந்தார். தணிகைவேல் கட்டிலில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குரலில் மேடைப் பேச்சு ஏறியிருந்தது.

"ஆனா ஒரு கண்டிஷன். ஆபரேஷனுக்கு முன்னாடி என் பாதத்தை அச்சு எடுத்து வெக்கணும். இடது வீங்கிக் கெடக்குது, அதனால வலது காலை எடுக்கட்டும். எனக்கு ரெண்டும் ஒரே அளவு, ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. அந்த இத்தாலிக்காரரே சொன்னாரு. அந்த அச்சுதான் கம்பெனிக்கு ஸ்டாண்டர்டு. ஆபரேஷன் முடிஞ்சி என் இடது காலு அதுக்குச் சரியா இருந்தா ரூம் என்னுது. இல்லன்னா அஸ்பாக்கே குந்திக்கட்டும். நீங்களும் வரணும். அவனும் வரணும். கண்ணால பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு தணிகை?"

"கம்பெனி நல்லதுக்கு சார்."

லியாகத் அலிக்கு மறுத்துப் பேசத் தெரியாது. சரி என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செயற்கைக் காலும் கால் பட்டையும் செய்கிற பட்டறை அங்கேயே இருந்தது. அச்சு எடுக்க டாக்டர் தீபலட்சுமி அங்கே சொல்லிவைத்திருந்தார். எதற்கு என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் மறுபடி கேட்காமல் விட்டுவிட்டார். சக்கர நாற்காலியில் தணிகைவேல் வந்து சேர்ந்தார். பாதுகாப்பு வார விழாச் சால்வையைப் போர்த்தியிருந்தார். பின்னால் ஒயர் கூடையோடு மேகலா. அதற்குப் பின்னால் லியாகத் அலி. எல்லோருக்கும் பின்னால், என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே குற்றவாளி முகத்தோடு அஸ்பாக்.

பட்டறையில் வேலை செய்பவர் சானியா என்ற இளம் பெண். மாவு படிந்த ஏப்ரன் கட்டியிருந்தார். தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, நீங்க அச்சு எடுக்கப் போறது சாதாரணக் காலு இல்ல. முதல்ல இந்தக் காலு முன்னாடி மண்டி போட்டது ஒரு வெள்ளைக்காரரு."

"எல்லாருக்கும் மண்டி போட்டுத்தான் சார் எடுக்கணும்" என்றபடி சானியா மண்டி போட்டார். "முதல்ல அளவு பாத்துடறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மாட்டிக்க ஒரு பூட்ஸ் குடுப்போம், அதுக்கும் நம்பர் வேணும். வலது காலை இதுல வெச்சு எழுந்து நில்லுங்க."

மேகலா ஒரு பக்கமும் அஸ்பாக் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, தணிகைவேல் வலது காலைப் பலகையில் வைத்து நின்றார். நாடகத்தில் ராஜா சிம்மாசனப் படியில் காலை வைக்கிற தோரணை. சானியா நகரும் பட்டையை விரல் நுனி வரைக்கும் தள்ளினார்.

"ஒன்பது."

"எட்டும்மா."

"ஒன்பது சார். ஒன்பதுக்கும் கொஞ்சம் மேலயே இருக்கு. குனிஞ்சி பாக்கறீங்களா?"

தணிகைவேல் குனியவில்லை. "பலகை தேஞ்சி போயிருக்குது" என்றார்.

வேறொரு பலகை கொண்டுவந்தார்கள். அதுவும் தேய்ந்திருந்தது.

லியாகத் அலி அஸ்பாக்கைப் பார்த்து, "நீ வை" என்றார் மெல்ல. அஸ்பாக் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ அடிக்கப் போகிறார்கள் என்பதுபோலக் காலை வைத்தார். அதே பலகை, அதே பட்டை. எட்டு.

லியாகத் அலி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சீசன், எத்தனை கப்பல், எத்தனை எட்டாம் நம்பர் என்று அவர் மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சுருங்காத கால்களுக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய சமாதானங்களும் கூடவே ஓடியிருக்க வேண்டும்.

"அப்போ வெள்ளைக்காரன் காலு சுருங்கினது..." என்று தொடங்கினார் அஸ்பாக்.

"அஸ்பாக்" என்றார் லியாகத் அலி. அஸ்பாக் நிறுத்திக்கொண்டார்.

தணிகைவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். சால்வை ஒரு தோளிலிருந்து நழுவிற்று. அந்த நேரம் பார்த்து டாக்டர் தீபலட்சுமி வந்தார்.

"அச்சு எடுத்தாச்சா?"

"காலு ஒன்பதாம், டாக்டர்" என்றார் தணிகைவேல். யாரோ ஊர்பேர் தெரியாதவர் செத்துப்போன செய்தியைச் சொல்கிற குரல்.

"இருக்கலாம் சார். வயசானா, வெயிட்டு ஏறினா பாதம் விரியும். எல்லாருக்கும்தான்."

கால் ஒடிந்தபோதும், வைத்தியர் தட்டியபோதும் கத்தியவர் இதற்குக் கத்தவில்லை. 'எல்லாருக்கும்' என்ற சொல்லைத்தான் அவர் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருந்தது.

டாக்டர் நேரத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில முதல் கேஸ் நீங்கதான். பண்ணலாமா? இல்ல, இன்னும் யோசிக்கணுமா? யோசிக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஒருத்தர் காத்திருக்கார்."

தணிகைவேல் லியாகத் அலியைப் பார்த்தார். லியாகத் அலிக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. மணி அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அஸ்பாக்கைப் பார்த்தார். அஸ்பாக் இன்னும் பலகை மேலேயே நின்றுகொண்டிருந்தார், இறங்கலாம் என்று யாரும் சொல்லாததால்.

"எட்டா வெச்சிக்கறதுக்குத்தான் இவ்ளோ யோசிச்சேன்" என்றார் தணிகைவேல்.

"இப்போ யோசிக்க ஒண்ணும் இல்லியே" என்றாள் மேகலா. "டாக்டர், பண்ணுங்க. பாத்ரூமுக்குத் தனியா போனாப் போதும்."

தணிகைவேல் தலையை ஆட்டினார். முடிவு எடுக்கப்பட்டது. பல மாதமாகத் தள்ளிக்கொண்டே வந்த முடிவு அது, எந்தப் பேச்சும் இல்லாமல், ஒரு தலையாட்டலில்.

"அச்சு எடுக்கணுமா சார்?" என்று கேட்டார் சானியா. மாவு கரைத்துவைத்திருந்த பாத்திரம் கையில் இருந்தது.

தணிகைவேல் நழுவிய சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சானியா பாத்திரத்தை ஓரமாக வைத்தார். அதில் மாவு இறுக ஆரம்பித்தது.

"வார்டுக்கு நான் தள்ளிக்கினு போறேன் மாஸ்டர்" என்றார் அஸ்பாக்.

"நீ தள்ள வேணாம். எனக்கு ஒரு காலு நல்லாத்தானே இருக்குது. ஊன்றுகோல குடு, நடக்கறேன்."

"தரை ஈரமா இருக்கு சார், வெறுங்காலோட போகாதீங்க" என்றார் சானியா.

மேகலா ஒயர் கூடைக்குள் கையை விட்டு, அவர் வீட்டில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பில் வலது கால் செருப்பை எடுத்து அவர் முன் போட்டாள். அது குப்புற விழுந்தது. அவருக்குச் செருப்பு வாங்குவது எப்போதுமே மேகலாதான். அடியில் எழுத்து இன்னும் தேயவில்லை. ஒன்பது என்று இருந்தது. அதற்கு முந்தின ஜோடியும் ஒன்பதுதான்.